சாவா மூவா ஆடுகள்

பங்குனிப் புனர்பூசத்தன்று நந்தி கல்யாணம் பார்க்கத் திருமழபாடிக்குப் போயிருந்தோம். அக்கா மகனும் வந்திருந்தான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலை தேடுகிறவன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் நான் கொள்முதல் பிரிவில் இருப்பது அவனுக்குத் தெரியும். கூட்டம் சற்றுக் கலைந்தபின் கேட்டான்: "பர்ச்சேஸ்னா நாலு கொட்டேஷன் வாங்கி, குறைச்சலாப் போட்டவனுக்கு ஆர்டர் குடுக்கறதுதானே மாமா? அதுக்கு எதுக்கு இன்ஜினியர்?"

அவன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வைத்தியநாதர் கோயில் சுவரைக் காட்டினேன்.

இந்த விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டபோது, பழைய கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்க வைத்தான். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மறுபடி கல்லில் ஏறின. கோயிலுக்கு யார், எதை, எவ்வளவு தர வேண்டும் என்பதற்குக் கல்வெட்டுதானே சாட்சி? சுவரோடு அதுவும் போனால் வரத்தும் நின்றுவிடும்.

சோழர் கல்வெட்டுகளில் என்னை உலுக்குவது, அணையாமல் எரிய வேண்டிய நொந்தா விளக்கின் கணக்கு. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. ஆடுகளை இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டி, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஏற்றவர் பொறுப்பு. இருப்பு, நிரப்பு, அன்றாட அளவு, பொறுப்பாளி என்று நாங்கள் இன்று கணினியில் கட்டிக் காப்பதெல்லாம் 'சாவா மூவா' என்ற இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது.

பிறகு என் தவறைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சூளை நிறுத்தத்துக்கு மக்னீசியா செங்கல் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. உள்ளே பொருள் 1,450 டிகிரி வரை காயும் பகுதிக்கான செங்கல் அது. வெந்த களிமண் செங்கல் போலல்ல, ஈரம் பட்டால் ஊறி வெடிக்கும். விலையில் நன்றாகப் பேசிக் குறைத்திருந்தேன். எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று ஆர்டரில் ஒரு வரி எழுதவில்லை. ஐப்பசி மழையில், கிழிந்த தார்ப்பாயோடு லாரி வந்து நின்றது. அட்டையைப் பிரித்தால் செங்கலின் மூலையெல்லாம் மயிரிழை விரிசல். விரலால் தேய்த்தால் வெள்ளை மாவாக உதிர்ந்தது. சூளைக்குள் ஆட்கள் பழைய செங்கலை உடைத்து வாரிவிட்டு, புதியதற்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பொருளைத் தெரிந்தவன்தான் வாங்க வேண்டும், அதற்குத்தான் இன்ஜினியர். படிப்பும் இருக்கிறது. இந்தியப் பொருள் மேலாண்மைக் கழகம் பட்டயம் தருகிறது. அரசுக் கொள்முதலுக்குப் போகிறவன் தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். இதெல்லாம் படித்தால் வந்துவிடும். ஈரச் செங்கல் எப்படி உதிரும் என்பது தளத்தில் நின்றால்தான் தெரியும்.

திரும்பி வரும்போது, பைக்கின் பின்னாலிருந்து கேட்டான்: "மறு லோடு ஒழுங்கா வந்துச்சா மாமா?"

வந்தது. கட்டை அவிழ்க்கும் முன்பே லாரி மேல் ஏறி, தார்ப்பாய்க்கு அடியில் கைவிட்டு, ஒவ்வொரு அடுக்காகத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் வரவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.