14 ஜேர்சிகளும் ஒரு இடமாற்றக் கடிதமும்

கடந்த கிழமை எங்கள் பெட்ச் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு கடிதத்தின் படம் வந்து விழுந்தது. கல்வியியற் கல்லூரியில் எங்களோடு ஒரே விடுதியில் இருந்த நண்பருக்கு இடமாற்றம். பதினொரு வருட சேவையில் இது ஐந்தாவது பாடசாலை. சாதாரண தரப் பரீட்சை கிட்ட வந்துவிட்டது. போன வருடம் அவர் படிப்பித்த பாடத்தில் அத்தனை பிள்ளைகளும் சித்தி. கடிதத்தின் கீழே ஒரேயொரு வரி எழுதியிருந்தார்:

"நான் என்ன பிழை செஞ்சேன்?"

நாங்கள் வழமையான பதில்களைப் போட்டோம். "ஸப்ர் செய்யுங்க சேர்." "இதிலயும் ஒரு ஹைர் இருக்கும்." கேட்ட கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, எங்களில் உடற்கல்வி படிப்பிக்கும் ஒருவர் நீண்ட வொய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினார். எட்வின் ஜக்சன் என்ற அமெரிக்க பேஸ்போல் வீரரின் கதை. எங்களுக்குக் கிரிக்கெட் தெரியும், எல்லே தெரியும், பேஸ்போல் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் அன்று இரவு எல்லோரும் அந்த மனிதரைத் தேடித் தேடி வாசித்தோம்.

ஜக்சன் 1983இல் ஜேர்மனியில் பிறந்தவர். தகப்பன் அமெரிக்க இராணுவத்தில் இருந்தார். வேலை பந்து எறிவது. 2003 செப்டெம்பர் 9, தனது இருபதாவது பிறந்த நாளில், லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிக்காக முதல் போட்டியில் இறங்கினார். எதிரில் பந்து எறிந்தவர் ரெண்டி ஜோன்சன், அந்தக் காலத்தின் மாபெரும் வீரர்களில் ஒருவர். அன்று வென்றது இந்தப் பொடியன்தான். அடுத்த நட்சத்திரம் இவர் என்று எல்லோரும் எழுதினார்கள்.

அப்படி ஆகவில்லை. 2006 தொடக்கத்தில் வேறு அணிக்குக் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் அங்கிருந்து டெட்ரொய்ட். 2009இல் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்குத் தெரிவானார். அந்த வருட முடிவிலேயே டெட்ரொய்ட் அவரை அரிசோனாவுக்கு மாற்றிவிட்டது.

இனித்தான் எங்களைத் தூங்க விடாத பகுதி.

2010 ஜூன் 25. அரிசோனாவுக்காக, தனது பழைய அணியான டம்பா பேக்கு எதிராக, அவர்களுடைய மைதானத்திலேயே பந்து எறிகிறார். பேஸ்போலில் நான்கு பிழையான பந்து போட்டால், அடிக்க நிற்பவர் சும்மா நடந்து முதலாவது தளத்துக்குப் போகலாம். ஜக்சன் முதல் மூன்று இன்னிங்ஸுக்குள்ளேயே ஏழு பேரை அப்படி நடக்க விட்டார். வேறு பயிற்சியாளர் என்றால் அப்போதே வெளியே எடுத்திருப்பார். இவரை விட்டுவைத்தார்கள். சாதாரணமாக நூறு பந்து அளவில் கை ஓய்ந்துவிடும் வேலையில், அன்று அவர் எறிந்தது 149 பந்து. எட்டுப் பேர் நடந்தார்கள். ஆனால் ஒன்பது இன்னிங்ஸிலும் ஒருவராலும் அடித்துத் தளம் சேர முடியவில்லை. 1-0 வெற்றி. இதை நோ-ஹிட்டர் என்கிறார்கள். எத்தனையோ பெரிய வீரர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்காதது.

அதிலிருந்து சரியாக 35ஆவது நாள், ஜூலை 30, அவரை சிக்காகோவுக்கு மாற்றினார்கள்.

நண்பரே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறோம். அந்த 35 நாளில் அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. ஒரு அணிக்கு ஒரு தேவை, இன்னொரு அணிக்கு வேறொரு தேவை. நடுவில் இவர். அடுத்த வருடம் அதைவிட மோசம். 2011 ஜூலை 27 அன்று சிக்காகோ அவரை ரொரன்டோவுக்குக் கொடுத்தது, ரொரன்டோ அதே நாளில் சென் லூயிஸுக்குக் கொடுத்தது. அந்த வருடம் சென் லூயிஸ்தான் சம்பியன்.

இன்னொன்றும் வாசித்தோம். அந்த லீக்கில் ஒரு விதி இருக்கிறது. பத்து வருட சேவை முடித்து, அதில் கடைசி ஐந்து வருடமும் ஒரே அணியில் இருந்தவர் "என்னை மாற்ற வேண்டாம்" என்று மறுக்கலாம். ஜக்சன் 17 பருவங்கள் விளையாடினார். ஆனால் எந்த அணியும் அவரைத் தொடர்ந்து ஐந்து வருடம் வைத்திருக்கவில்லை. ஆகவே அந்த உரிமை அவருக்குக் கிடைக்கவேயில்லை. அதிகம் அலைக்கழிக்கப்பட்டவனுக்குத்தான் மறுக்கும் உரிமை இல்லை! இதை வாசித்தபோது எங்கள் குரூப்பில் கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை.

உண்மையையும் சொல்ல வேண்டும். அவரும் நாங்களும் ஒன்றல்ல. சிக்காகோ கப்ஸ் அவருக்கு நான்கு வருடத்துக்கு 52 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது. எங்களுக்கு மாதக் கடைசியில் பஸ் காசே கணக்கு. அந்தக் காசுக்கு ஏற்றபடி அவரும் விளையாடவில்லை. 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி. ஒப்பந்தம் முடிய முன்பே விட்டுவிட்டார்கள்.

ஆனால் அவர் வீட்டில் போய் இருக்கவில்லை. அட்லாண்டா, மயாமி, சன் டியாகோ, பல்டிமோர். சில நேரம் கீழ் மட்டத்து லீக்கில் இளம் பொடியன்களோடு. 2018இல் ஓக்லண்ட் எடுத்தபோது வயது 34. அங்கே 17 போட்டிகளைத் தொடங்கி வைத்தார், 6 வெற்றி, 3 தோல்வி. அந்த அணி பிளே-ஓஃப் வரை போனது. 2019 மே மாதம் ரொரன்டோ ஜேர்சியை நிஜமாகவே போட்டார். அது 14ஆவது அணி. அதுவரை வேறு எவரும் அத்தனை அணிகளுக்கு ஆடியிருக்கவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். அவருடைய மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி.

தோல்வி கூடிய மனிதரை 14 அணிகள் ஏன் கூப்பிட்டன? போன இடத்தில் மறுநாளே பந்தைக் கையில் எடுப்பார் என்ற நம்பிக்கையாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்லி நாங்கள் இடமாற்றத்தை நியாயப்படுத்தவில்லை. அங்கே ஜூலையில் ஒருவரை வாங்குகிறவர்கள் அவர் தேவை என்றுதான் வாங்குகிறார்கள். இங்கே "சேவைத் தேவை கருதி" என்ற மூன்று சொல்தான். யாருடைய தேவை என்று எழுதியிருப்பதில்லை. பரீட்சைக்கு முன்னால் ஆசிரியரை இழக்கும் பிள்ளைகளின் தேவை அதில் இல்லை என்பது மட்டும் தெரியும். மேன்முறையீடு போட்டிருக்கிறார், நாங்களும் கூட நிற்கிறோம்.

ஆனால் அந்தக் கடிதம் உங்கள் படிப்பித்தலுக்கு யாரும் போட்ட புள்ளியல்ல. அதை உங்கள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டாம்.

திங்கட்கிழமை அவர் புதிய பாடசாலையில் கையெழுத்துப் போட்டார். பின்னேரம் வொய்ஸ் வந்தது. முதல் பாடத்திலேயே ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டிருக்கிறது:

"சேர், நீங்களும் பெய்த்திருவீங்களா?"

"தெரியாது மகன். இண்டைக்கு இரிக்கன். கொப்பியை எடுங்க" என்றாராம்.

யா அல்லாஹ், எங்கள் நண்பருக்கும், இன்று எங்கோ ஒரு புதிய வகுப்பறையில் நிற்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் காரியங்களை இலேசாக்கி வைப்பாயாக.