அப்பாவின் புல்லட்டும் மூன்று எண்ணெயும்

எங்கள் ஊர் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயிலும் பூண்டும்தான் ஊருக்கு அடையாளம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. ஆனால் பூண்டு மூட்டையைக் கொடைக்கானலுக்குக் கொண்டு சேர்ப்பது அப்பாவின் பழைய 350 சி.சி. புல்லட்தான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள வண்டி. நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால் அதை அண்ணன் என்றுகூடச் சொல்லலாம்!

நண்பர்களே, இந்த வண்டிக்கு ஒரே எண்ணெய் போதாது. இன்ஜினுக்கு ஒன்று, பிரைமரி செயினும் கிளட்சும் இருக்கும் இடது பக்கப் பெட்டிக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று என மூன்றும் தனித்தனி. பின்னால் வந்த யூனிட் இன்ஜின் வண்டிகளில் ஒரே எண்ணெய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். 1955-இல் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கிய காலத்தின் அமைப்பு இதுவல்லவா, தனிக்குடித்தனம்தான்.

போன டிசம்பர் விடுமுறைக்குப் போனபோது அப்பா, "தம்பி, காலையில கிளட்ச் ஒட்டிக்குது, என்னான்னு பாரு" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதுவும் இயந்திரவியல். விடுவேனா? பிரைமரி மூடியின் நடு நட்டைக் கழற்றி, பழைய எண்ணெயைத் தட்டில் பிடித்தேன். தார் மாதிரி இருந்தது. மலைக் குளிரில் கெட்டியான எண்ணெய் தட்டுகளை ஒட்டவைக்கும் என்று புரிந்துகொண்டேன். அதுவரை சரிதான். டாக்சி ஓட்டும் மாமா வீட்டில் கார் எண்ணெய் அரை டின் மிச்சம் இருந்தது. இலவசம்! தண்ணீர் போல ஓடியது. டின்னில் எரிபொருள் சிக்கனம் என்று ஆங்கிலத்தில் ஏதோ போட்டிருந்தது. நல்லதுதானே என்று ஊற்றிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அப்பா இரண்டு மூட்டையோடு விடியலில் கிளம்பினார். ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கார் எண்ணெயில் வழுக்கலுக்கென்று சேர்க்கும் மருந்து கிளட்ச் தட்டுகளையும் வழுக்கவிட்டுவிட்டது. அந்தச் சிக்கனம் எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஆகாது. அதற்கென்றே ஜப்பான்காரர்கள் 1998-இல் ஜாசோ எம்.ஏ. என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

160 கிலோவுக்கு மேல் உள்ள வண்டியை அப்பா தள்ளிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் வண்டி கிளம்பிவிட்டது. வந்த விலைக்கு அங்கேயே தள்ளிவிட்டு வந்தார். என் தேர்வுக் கட்டணம் அந்த மூட்டையில்தான் இருந்தது. அப்பா திட்டவில்லை. "இறக்கத்துல இப்படி ஆகியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கிளட்ச் வழுக்கினால் இரண்டாவது கியரில் போட்டாலும் இன்ஜின் பிடிக்காது. மீதி இருப்பது பழைய டிரம் பிரேக் மட்டும். அந்த இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் தட்டுகளைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, எமரித் தாளில் தேய்த்தேன். பிரைமரி செயினுக்குக் கால் அங்குலம் ஆட்டம் வைத்து, இருசக்கர வாகனத்துக்கான 20டபிள்யூ-40 எண்ணெயை லெவல் ஸ்க்ரூவில் கசியும்வரை ஊற்றினேன். மூடியின் ரப்பரையும் மாற்றினேன்.

கியர் பாக்ஸ் பற்றி அப்பாவோடு வாக்குவாதம். மெக்கானிக் அண்ணன் வழக்கமாகக் கிரீஸையும் 90 எண்ணெயையும் கலந்து போடுவார். நான் சிரித்தவன்தான். ஆனால் அந்தப் பழைய பெட்டியில் தண்டு வெளிவரும் இடத்தில் சீல் வலுவில்லை. மெல்லிய எண்ணெய் நிற்காது. அதே சமயம் வெறும் கிரீஸ் போட்டால் பல்சக்கரம் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும், புஷ்ஷுக்குத் திரும்பி வராது. கூழ் பதத்தில் இருந்தால்தான் இரண்டுக்கும் தீர்வு. அண்ணன் படிக்காமலே சரியாகத்தான் செய்திருக்கிறார்.

"90 எப்படிடா 40-ஐ விட ரெண்டு மடங்கு கெட்டி?" என்று அப்பா கேட்டார். அங்கே மட்டும் நான் படித்தது உதவியது. கியர் எண்ணெய்க்கு அளவுகோலே வேறு. சூட்டில் 90-ம் இன்ஜின் எண்ணெய் 40, 50-ம் ஏறக்குறைய ஒரே பதம்தான். கடைக்காரர் ஜி.எல்.5 எடுத்துக் கொடுத்தார். வேண்டாமென்று ஜி.எல்.4 கேட்டு வாங்கினேன். முன்னதில் கந்தகச் சேர்க்கை அதிகம், வெண்கலப் புஷ்ஷை அரிக்கக்கூடும்.

கலவை ஊற்றி, இரவு வண்டிக்கடியில் பழைய காகிதம் விரித்தேன். விடிந்ததும் எனக்கு முன்னால் அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சொட்டு.

கட்டணத்தை அபராதத்தோடு கட்டினேன். இப்போது எண்ணெய் டின் எது வாங்கினாலும் அப்பா உடனே திறப்பதில்லை. நான் ஊருக்குப் போகும்வரை திண்ணையிலேயே வைத்திருந்து, "இதுல என்ன எழுதியிருக்கு, மொத்தமும் படி" என்கிறார்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை