சின்ன டாக்டரா, பெரிய டாக்டரா?

பத்துமலைக்கு வருகிறவர்கள் முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே வட்டாரத்தில்தான் 1999-இல் திறந்த செலாயாங் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. நான் போனது அதன் கண் பிரிவுக்கு.

காலையிலேயே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பலருக்குக் கண்புரையோடு இனிப்புநீரும் உண்டு. மிஸ்ஸி ஒருவர், எந்தக் கண் என்று கேட்டுக் கேட்டு, அந்தப் புருவத்துக்கு மேல் பேனாவால் அம்புக்குறி போட்டபடி வந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்: “எனக்குச் சின்ன டாக்டரா, பெரிய டாக்டரா?”

மிஸ்ஸி சிரித்துவிட்டார். ஆனால் பாட்டி கேட்டதுதான் கேள்வி. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 79,777 கண்புரை அறுவைகளின் கணக்கை 2012-இல் வெளியிட்டது. அறுவையின்போது சிக்கல் நேர்ந்தது நிரந்தர மருத்துவர்களிடம் 0.79 சதவீதம்; முதுநிலை மாணவர்களிடம் 2.06; வெளியிலிருந்து பழக வந்தவர்களிடம் 5. ஒரு மருத்துவர் ஒரே நாளில் பல கண்களை அறுக்கிறார் என்றால் பதறுகிறோமே, கேட்க வேண்டியது எத்தனை என்பதல்ல, யார் கை என்பது.

அப்படி என்ன கடினம்? கலங்கிய லென்சை எடுக்க வேண்டும். அதன் பின்னுறை கிழியக் கூடாது. அந்த உறையின் மெல்லிய இடம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250-இல் ஒரு பங்குதான். பட்டையைச் சீவும்போது கத்தி மரத்தில் படக்கூடாது என்பது பாட்டிக்குத் தெரிந்த தொழில்; இதுவும் அந்த ஜாதிதான். உறை கிழிந்தால் பின்னாலிருக்கும் கூழ் முன்னுக்கு வந்துவிடும். அதை வெட்டி அகற்றி, செயற்கை லென்சுக்கு வேறு இடம் தேட வேண்டும். பார்வை போய்விடுவதும் உண்டு.

மலேசியா தன் கண்புரை அறுவைகளின் விளைவுகளை 2002-இலிருந்து தேசியக் கண்புரைப் பதிவேட்டில் எழுதிவருகிறது. 2008 முதல் 2013 வரை பதிவான 150,213 கண்களில் உறை கிழிந்தது 3.2 சதவீதம். ஒருவர் செய்யும் அறுவைகளை ஒரு கோடாக வரைந்து காட்டும் ‘கியூசம்’ வரைபடம் எப்படி வேலை செய்கிறது என்று அங்கே ஒரு மருத்துவர் விளக்கினார். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்த முறை. நல்லபடி முடிந்தால் கோடு கொஞ்சம் இறங்கும். கிழிந்தால் சட்டென்று ஏறும். எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை. பழகுகிறவர் தன் கோட்டைத் தானே பார்க்கலாம்.

“எழுதுகிறவரும் அவர்தானே? மறைத்துவிட்டால்?” என்றேன்.

“அறுவைக்குப் பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதையும் 12 வாரத்துக்குள் பதிகிறோம் சார். நன்றாக முடிந்ததாக எழுதிய கண்ணில் எழுத்துப் பலகை தெரியவில்லை என்றால், ஏன் என்று கேட்பார்கள்.”