மெல்ல வளரும் பசுமை

கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் இடையே நீளும் மணல்திட்டு உச்சமுனை. அங்கே, வீட்டு முற்றத்தில் என்றும் பசுமையான ஊசியிலை இனச் செடியொன்றை வளர்க்க விரும்பினேன். நம் தீவின் இயற்கைக் காடுகளில் அவ்வினம் இல்லை. கரையோரச் சவுக்கும் தோற்றத்தால் மயக்கும் பூக்குந் தாவரமேயாம். 1904ஆம் ஆண்டு கனடாவின் அல்பேட்டா மலைப்பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட குட்டை ஸ்புரூஸ் ஆண்டுக்குச் சில அங்குலமே உயரும். ஆயினும் அது குளிர்நாட்டுக்கே உரியது. ஆகவே, சீனத்தைத் தாயகமாகக் கொண்ட துஜாவின் குட்டை வகையைத் தேர்ந்தேன்.

உப்புக்காற்றுப் படாவண்ணம் வேலி மறைவில், நீர் தேங்காத தொட்டியில் அது நிற்கின்றது. பழுப்பேறிய கிளைவரை வெட்டினால் மீண்டும் துளிர்க்காது. ஆதலின் நுனிப் பசுமையை மட்டுமே கொய்தல் வேண்டும்.

இம்மணலில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறே உவர்த்துவிடும். விரைந்து வளரும் செடிகள் கேட்கும் நீரைக் கொடுக்க எவ்வீட்டாலும் இயலாது. துஜாவோ மிகுதியாகக் கேட்பதில்லை. அரிசி களைந்த நீரே அதன் பங்கு. அதனைக் கொண்டே ஆண்டுதோறும் சில விரலளவு உயர்கின்றது.