ஒரு விளக்கு, இரண்டு திருகு

வலது கண்ணில் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. செய்துகொண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். வயதான கண்ணின் வில்லை மஞ்சள் பாய்ந்து, நீல ஒளியை ஓரளவு தடுத்துக்கொண்டிருக்கும். புது வில்லை வைத்ததும் அந்தத் தடுப்பு போய்விடுகிறது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எங்கள் வீட்டுச் சுவர் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. வலது கண்ணை மூடினால் அதே சுவர் பழைய காகிதம்.

தொல்லை என் மடிக்கணினியால் வந்தது. பத்து வயதைத் தாண்டியது, லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். வெளிச்சம் குறைக்கும் விசையை அழுத்தினால் திரையில் ஒரு பட்டை தோன்றிக் கட்டம் கட்டமாக இறங்கும். பட்டைதான் இறங்கும், வெளிச்சம் இறங்காது. முன்பெல்லாம் அதைப் பொறுத்துக்கொண்டேன். இப்போது பத்து நிமிடத்தில் கண்ணில் நீர் வடிந்தது.

மூடி வைத்துவிடலாம் என்றால் பாதியில் நிற்கும் வேலை ஒன்று இருக்கிறது. என் பெரிய தாத்தா சைகோனில் வேலை பார்த்தபோது புதுச்சேரிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய உள்ளன. எல்லாம் பிரெஞ்சில். ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் தட்டச்சு செய்துவருகிறேன். எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. "புதுசு வாங்கிடலாம்பா" என்றான் மகன். வேறெந்தக் குறையும் இல்லாத ஒன்றைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எக்ஸ்ராண்டர் என்ற கட்டளையை முயன்றேன். திரை மங்கியது, கண் கூச்சமும் குறைந்தது. ஆனால் எழுத்தும் சேர்ந்து சாம்பல் பூத்தது. அது படத்தை மட்டும்தான் கறுப்பாக்குகிறது. பின்னால் இருக்கும் விளக்கு அதே வேகத்தில் எரிகிறது. அரிக்கேன் விளக்கின் திரியை இறக்குவது வேறு, சிம்னி மேல் துணி போடுவது வேறு அல்லவா?

திரியை இறக்க வழி தேடினேன். பெரும்பாலான மடிக்கணினித் திரைகளுக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலிருந்து விளக்கு எரிகிறது: பழையவற்றில் மெல்லிய டியூப்லைட், பிறகு வந்தவற்றில் எல்இடி. அந்த ஒரு விளக்குக்கு என் கணினியில் இரண்டு திருகுகள் இருந்தன. 'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பேக்லைட்' என்று போனால் இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்று 'ஏசிபிஐ வீடியோ 0'; இது கணினியோடு வந்த அடிப்படை நிரலின் திருகு. மற்றது 'இன்டெல் பேக்லைட்'. இது திரையை நேரடியாக ஆளும் நிரலின் திருகு. முதலாவதன் உச்ச எண் 15, இரண்டாவதன் உச்ச எண் 4882. நிர்வாகி உரிமையோடு முதலாவதில் 7 என்று எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் 1200 என்று எழுதினேன். திரை பணிவாக இறங்கியது. (பூஜ்யம் மட்டும் எழுதாதீர்கள். சில கணினிகளில் திரை முழுக்க இருண்டுவிடும்.)

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே கோப்பு இரண்டு பிரிவுக்குப் போகும். அதிகாரம் இல்லாத பிரிவு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதி மூடிவிடும். என் விசைப்பலகையின் கடிதமும் அந்தப் பிரிவுக்கே போய்க்கொண்டிருந்தது. 'இந்தப் பொருளை இன்ன பிரிவே கவனிக்கும்' என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி ஆணை வேண்டும்.

அந்த ஆணை: ஏசிபிஐ, அண்டர்ஸ்கோர், பேக்லைட், சமக்குறி, நேட்டிவ். எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். முதலில் தற்காலிகமாகச் சோதித்தேன். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேர்த்து, எஃப்10 அழுத்த வேண்டும். அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லும். விசைக்குத் திரை அடங்கியது. பிறகுதான் நிரந்தர ஆணை. 'எட்ஸி' அடைவில் 'டிஃபால்ட்' உள்ளே இருக்கும் 'கிரப்' கோப்பை முதலில் நகலெடுத்து வைத்தேன். 'சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட்' என்று முடியும் பெயருள்ள வரியில், மேற்கோள் குறிக்குள் அதே சொற்களைச் சேர்த்து, 'அப்டேட் கிரப்' கட்டளை கொடுத்தேன். நேட்டிவ் பலிக்காத கணினிகளில் அதன் இடத்தில் 'வெண்டர்' அல்லது 'வீடியோ' என்று போட்டுப் பார்க்கலாம்.

ஓர் எழுத்து பிசகினாலும் கணினி கேட்காது. அதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பள்ளியில் 'திக்தே' என்று வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவோம். ஐந்து பிழைக்குப் பூஜ்யம். ஒரு கொம்பு விட்டாலும் பிழைதான். அப்போது அழுதுகொண்டு கற்றது எழுபது வயதில் உதவுகிறது.

இப்போது இரவில் 900க்கு இறக்கிக்கொள்கிறேன். அணைக்கும்போது இருந்த அளவை லினக்ஸ் நினைவில் வைத்து, மறுநாள் அதிலேயே தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறது. பெட்டியில் இன்னும் 31 கடிதங்கள்.

உங்கள் வீட்டுப் பழைய லினக்ஸ் கணினியிலும் பட்டை மட்டும் இறங்கி வெளிச்சம் இறங்காவிட்டால், திரை போய்விட்டது என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கடிதம் தவறான பிரிவுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.