"நிலைக்கு மேல மட்டும் வேணாம்டி!" - மதுரை வீட்டுச் சுவரில் ஏறிய ஒரு பலகை

"வீட்டுக்குள்ள தொங்குறதுக்கு எதுக்குடி பலகை? ஊஞ்சல் கட்டித் தர்றேன், ஆடு" என்றார் அம்மா.

மகள் பதில் சொல்லவில்லை. ஆசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கி வந்த தேக்குப் பலகையை வாசல் நிலைக்கு மேலே வைத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் அம்மாவின் குரல் உயர்ந்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது அந்த வீடு. மொட்டைமாடியில் நின்றால் நாகமலை ஒரு நீளமான முதுகுபோலத் தெரியும். 25 வயது. பெங்களூரில் ஐ.டி வேலை. அங்கே உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்டீரவா ஸ்டேடியத்தில் இருக்கும் ஏறுசுவருக்குக் கூட்டிப்போனார்கள். விளையாட்டாகத் தொட்டது, விடாமல் பிடித்துக்கொண்டது. பிறகு 'ஷோலே' படம் எடுத்த ராமநகரப் பாறைகள், பாதாமியின் சிவப்புக் கற்கள் என வார இறுதிகள் பாறையிலேயே கழிந்தன. கடந்த ஆண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மா ஒருத்தியால் முடியவில்லை.

மதுரையில் பாறைக்கா பஞ்சம்? மேலூர் ரோட்டில் போனால் யானைமலை படுத்துக்கிடக்கிறது. இந்தப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை. ஆனால் ஒன்றில் குடைவரைக் கோயிலும் சமணர் படுகைகளும், இன்னொன்றில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கயிறும் சாக்பீஸ் பவுடருமாகப் போய் ஏற முடியாது, ஏறவும் கூடாது. ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கும் சிற்பத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கிறவரை எந்த ஊர் மன்னிக்கும்? ஆக, கண்ணெதிரே மலை இருந்தும் கைக்கு வேலை இல்லை.

பாறை ஏறுகிறவர்களுக்குக் கையில் வேலை இல்லாவிட்டால் முதலில் போவது விரல் பலம். விரலுக்குள் மடக்கும் தசை கிடையாது. முழங்கைக்குக் கீழே இருக்கும் தசைதான் நீளமான தசைநாண்கள் வழியாக விரலை மடக்குகிறது. அந்த நாண்கள் எலும்பை விட்டு விலகாமல் இருக்க, வளையம் வளையமாகத் திசுக்கள் பிடித்துக்கொள்கின்றன. தசை சில வாரங்களில் தேறிவிடும்; நாணும் வளையமும் தேற மாதக்கணக்கில் ஆகும். இந்த வித்தியாசம் புரியாமல் அவசரப்பட்டவர்கள்தான் 'டக்' என்ற சத்தத்தோடு விரலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது.

அந்த விரல்களுக்கான பலகைதான் ஹேங்போர்டு. விரல் நுனி மட்டும் பதிகிற மாதிரி விளிம்புகள் வெட்டியிருக்கும். 20 மில்லிமீட்டர் விளிம்பு என்பது பொதுவான அளவு. அதைப் பிடித்துத் தொங்க வேண்டும், அவ்வளவுதான். இதன் அண்ணன் 'கேம்பஸ் போர்டு'. ஜெர்மனியின் வுல்ஃப்காங் குல்லிச் 1988-ல் நியூரம்பெர்க்கில் 'கேம்பஸ்' என்ற உடற்பயிற்சிக் கூடத்தில் மாட்டியதால் அந்தப் பெயர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்த விளையாட்டு நுழைந்தது.

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் கதவுக்கு மேலேதான் மாட்டுகிறார்கள். நம்மூரில் அது நிலை. வீடு கட்டும்போது நல்ல நேரம் பார்த்து, காசும் நவதானியமும் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்துவது. வாசப்படியில் நிற்கவே விடாத வீட்டில் அதற்கு மேலே தொங்க விடுவார்களா?

"எங்க வேணா மாட்டு. நிலைக்கு மேல மட்டும் வேணாம்டி" என்று முடித்துவிட்டார் அம்மா.

அப்பா எதுவும் சொல்லவில்லை. முப்பது வருஷம் கொத்தனாராக இருந்தவர். நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். இடது தொடையில் ராடு வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு கரண்டியைத் தொடவில்லை. மகள் பாறையில் தொங்கும் போட்டோவை போனில் காட்டியபோது மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் தொங்குனது சோத்துக்குத்தா. நீ எதுக்குத்தா தொங்குற?"

அவளிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

அப்பா டீக்கடைக்குப் போயிருந்த ஒரு காலையில், பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் இரவல் வாங்கி, ஹால் சுவரில் ஆறு ஓட்டை போட்டாள். பிளாஸ்டிக் பிளக், இரண்டு இன்ச் ஸ்க்ரூ. தரையெல்லாம் செக்கச்செவேலென்று தூள். பலகை கிண்ணென்று நின்றது. இரண்டு நாள் தொங்கினாள். மூன்றாம் நாள் பலகையோடு கீழே வந்தாள்.

சத்தம் கேட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு அப்பா வந்தார். முதலில் மகளைப் பார்த்தார். இடுப்பைத் தடவிக்கொண்டு அவள் எழுந்ததும் சுவரைப் பார்த்தார்.

"தூள் செவப்பா வந்துச்சா?"

"ஆமாப்பா."

"செங்கல்லுல போட்டுருக்க. அதுலயும் பாதி ஓட்டை ரெண்டு கல்லு சேர்ற எடத்துல. கலவை எப்படித்தா ஆளைத் தாங்கும்?"

நான்கு வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். கம்பின் தலையால் சுவரை மேலே தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. "இங்கன இருக்கு லிண்டல்."

1999-ல் அந்த வீட்டைக் கட்டியதே அவர்தான். ஜன்னல், கதவுக்கு மேலே மட்டும் லிண்டல் போட்டால் போதும் என்று எல்லோரும் சொன்னபோது, ஏழடி உயரத்தில் வீட்டைச் சுற்றி பெல்ட்டாகவே கான்கிரீட் ஓட்டியிருக்கிறார். கம்பி வீண் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டாம். ஆக, நிலையைத் தொட வேண்டியதே இல்லை. ஹாலின் எந்தச் சுவரிலும் ஏழடிக்கு மேல் அரையடிக்குக் கான்கிரீட் இருக்கிறது. அம்மாவின் வழக்கும் தீர்ந்தது.

முக்கால் இன்ச் மரைன் பிளைவுட்டை முதலில் சுவரில் ஏற்றி, அதன் மேல் பலகையை முடுக்குவது என்று முடிவானது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல, மகள் ஓட்டை போட்டாள். இந்த முறை சாம்பல் தூள். மூன்றாவது ஓட்டையில் பிட் இறங்காமல் கீச்சிட்டது. "கம்பி. அமுக்காத. ஒரு இன்ச் தள்ளிப் போடு." ஓட்டைக்குள் இருக்கும் தூளை சைக்கிள் பம்ப்பால் ஊதி எடுக்கச் சொன்னார், தூள் மிச்சமிருந்தால் ஃபாஸ்னர் விரிந்து கவ்வாது. 10 எம்.எம் ஃபாஸ்னர் நான்கு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஓனரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். லிண்டல் எங்கே இருக்கிறதென்று தெரியாதவர்கள் ஒரு கொத்தனாரைக் கேட்டுவிடுவது இடுப்புக்கு நல்லது.

முடுக்கியதும் அவள் பலகையை எட்டிப் பிடிக்கப் போனாள். அப்பா விடவில்லை. பிளைவுட்டைச் சுற்றிச் சுவரில் பென்சில் கோடு போடச் சொன்னார். மாடி ரூம் வேலைக்கு வாங்கி, மூலையில் கிடந்த இரண்டு சிமென்ட் மூட்டைகளைப் பக்கத்து வீட்டுப் பையன்கள் தூக்கிவர, கயிற்றில் கட்டி அதில் தொங்கவிட்டார்கள். 100 கிலோ. அவள் எடை 53. இரவில் இரண்டு தடவை எழுந்துவந்து டார்ச் அடித்துப் பார்த்தார். காலையில் கோடு இம்மியும் விலகவில்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. முதலில் கையைச் சூடாக்கிக்கொண்டு, ஸ்டூலில் கால் வைத்துப் பாதி எடையில் தொடங்குகிறாள். பிறகு பத்து விநாடி தொங்கல், மூன்று நிமிட ஓய்வு, ஐந்து தடவை. ஏறத் தொடங்கி ஓரிரு வருஷமாவது ஆகாதவர்களும், வளர்கிற வயதுப் பிள்ளைகளும் இதில் முழு எடையோடு தொங்கக் கூடாது. விநாடி எண்ணுவது அப்பா. அவருடைய பத்து, போனில் பார்த்தால் பதினான்கு.

பாதாமிக்குப் போக பையைக் கட்டிக்கொண்டிருந்த அன்றைக்கு, இடுப்பு பெல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கயிற்றில் எட்டு முடிச்சு எப்படிப் போடுவது என்று அவள் காட்ட, இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். சாரத்துக்குக் கட்டும் முடிச்சை அவளுக்குப் போட்டுக் காட்டினார். பிறகு பெல்ட் என்ன விலை என்று கேட்டார். சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றார். ரொம்ப நேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

அவள் ஊருக்குப் போயிருந்த மூன்று நாளில், செங்கல்லில் போட்ட அந்தப் பழைய ஆறு ஓட்டைகளை ஒரு கை சிமென்ட் குழைத்து அவரே அடைத்திருக்கிறார். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை, திட்டுத்திட்டாகத் தெரிகிறது. பலகையின் ஓரத்தில் அம்மா பூண்டுப் பையை மாட்டிவைத்திருக்கிறார். பயிற்சிக்கு முன்னால் அதை எடுத்து வைப்பதும், முடிந்ததும் அவர் திரும்ப மாட்டுவதும் நடந்துகொண்டிருக்கிறது.