நாம் கூறிய நற்செய்தி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலராசிரியர் கேட்டபொழுது, எமது வெற்றி ஒன்றைப் பற்றி எழுதுதல் எளிதாயிருந்தது. ஆயினும் எமது பிழை ஒன்றே மாணவருக்குக் கூடிய பயன் தரும் எனத் துணிந்தோம்.

1980களின் முற்பகுதியில் நாம் பேராதனையில் மருத்துவம் கற்றோம். அக்காலத்தில் ஒரு வைத்தியசாலையில் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் இருந்தார். மரத்திற் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறி, வழுக்கி விழுந்து, முதுகெலும்பு முறிந்தவர். இடுப்பின்கீழ் அசைவுமில்லை, உணர்ச்சியுமில்லை. “ஐயா, வெட்டின மரம் துளிர்க்குது, நரம்பு துளிர்க்காதா?” என்று ஒருநாள் எம்மை வினவினார்.

கை கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் மீள வளரக்கூடும். முண்ணாணின் நார்களோ அவ்வாறு வளர்வதில்லை எனவே கற்றிருந்தோம். ஆனால், 1981இல் மொன்றியல் நகரில் டேவிட், அகுவாயோ என்னும் இருவர், எலியின் கால் நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தபொழுது முண்ணாணின் நார்களும் அதனூடே ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் வளர்ந்தன எனக் காட்டினர். குறை நார்களில் மாத்திரமன்று, அவற்றைச் சூழ்ந்த இடத்திலும் உண்டு என்பது தெளிவாயிற்று. நூல்நிலையத்தில் இதனை வாசித்த மகிழ்ச்சியில், மறுநாளே, “துளிர்க்கும் அண்ணை, பொறுத்திருங்கோ” என்றோம். எலியைப் பற்றி ஒன்றும் கூறினோமல்லோம்.

அவர் பொறுத்தேயிருந்தார். கைகளை வலுப்படுத்தும் பயிற்சியைக் கைவிட்டார். புரட்டிப் படுக்கவைக்க வந்தோரையும் விலக்கினார். நரம்பு வளர்ந்ததும் எழுந்து நடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சில வாரங்களிற் படுக்கைப்புண் கண்டது. அது ஆற மாதங்கள் சென்றன.

வெட்கத்துடன் அவரிடஞ் சென்று உண்மையை உரைத்தோம். வேலூர் வைத்தியர் மேரி வர்கீஸின் வரலாற்றையுங் கூறினோம். 1954இல் மோட்டார் விபத்தொன்றில் முண்ணாண் ஊறுபட்டுக் கால்களை இழந்தாற்போலான அவ்வம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் அங்கு தோன்றிய புனர்வாழ்வு நிலையத்துக்குத் தலைமையுந் தாங்கினார். யாவற்றையும் கேட்டிருந்த நோயாளர், “இதை முதலே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார். மறுநாட் காலையிற் பயிற்சியைத் தொடங்கினார். சக்கர நாற்காலியிலேயே வீடு திரும்பி, கூடை பின்னிப் பிழைத்தார்.

ஆராய்ச்சி அன்றோடு நின்றுவிடவில்லை. 2023இல் சுவிற்சர்லாந்து அறிஞர், மூளையின் எண்ணத்தை மின்கருவிகளால் முண்ணாணுக்கு அனுப்பி, ஊறுபட்ட ஒருவரை இயல்பாக நடக்கச் செய்தனர். அங்கும் நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது. நாளை வரும் மருந்தும், இன்று பேணப்பட்ட உடலுக்கே பயன் தரும்.

மாணவ நண்பர்களே, மரத்திலிருந்து விழுந்தவரைக் கைகாலிற் பிடித்துத் தூக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேராயிருக்கப் பலகையிற் கிடத்துங்கள். நோயாளருக்கு நம்பிக்கை கூறுங்கால், அதன் அளவையும் சேர்த்தே கூறுங்கள். அவ்வளவை மறைத்தமைக்காக நாம் இன்றும் வருந்துகின்றோம்.